பூவா சொல்லிக்கொடுத்த சத்தங்கள்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரியில் வேகவைத்த துணிக்கட்டுகளின் மேல் ஒட்டுகிற சீட்டும் ரேஷன் கடைக் கையெழுத்தும்தான். அதனால் முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் சரியில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற ஆள் நான். வருஷம், தேதி என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

எழுதச் சொன்னது சுகன்யா. கள்ளக்குறிச்சியில் நான் ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவள் இப்போது நர்ஸ். போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க அங்கே போயிருந்தேன். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திப் பெண் ஒருத்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள். சுகன்யா தன் போனில் தமிழில் பேச, அது அந்தப் பெண்ணுக்கு அவள் பாஷையில் சொன்னது. அவள் பதில் சொன்னாள், போன் அதைத் தமிழாக்கித் திருப்பிச் சொன்னது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பார்த்துவிட்டு, எங்கள் காலத்தில் லாவோஸ் நாட்டுப் பெண் ஒருத்திக்கு இங்கே பிரசவம் பார்த்தோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சுகன்யா விடவில்லை.

"போனும் இல்லாம எப்பிடிம்மா பேசுனீங்க? ஆஸ்பத்திரி மலர் போடறோம், அதுல எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்கு எழுத வராது என்றேன். "பேசறத எழுதுங்க, அவ்ளோதான" என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டாள். சின்னப் பெண்களுக்கு எல்லாமே அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் நைனார்பாளையத்தில் டீக்கடை வைத்திருந்தார். அது ஓடாமல் மூடிய வருஷத்தில் நான் வேலைக்கு வந்தேன். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. முப்பது வயது ஆகாத என்னை முதல் நாளே எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கூட்டுவது, துடைப்பது, கத்தி கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பது, பஞ்சு உருட்டுவது என்று கொஞ்ச காலம் போயிற்று. பிறகு பிரசவ அறைக்குள் விட்டார்கள்.

அங்கே டாக்டரம்மாதான் எல்லாம். ஒல்லியாக இருப்பார். வெள்ளைப் புடவையைத் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை. குரல் உயராது. அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. அவர் ஒரு வேலை சொன்னால், சொன்னதை நாம் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். "வெந்நீர் கொண்டா" என்றால் "வெந்நீர் கொண்டு வரேங்க" என்று சொன்னால் போதாது. எந்தப் பாத்திரத்தில், எந்த அறைக்கு, அவர் சொன்னது அத்தனையும் வர வேண்டும். காதில் தப்பாக விழுந்த மருந்தால் ஓர் உயிர் போனதை அவர் படிக்கிற காலத்தில் கண்ணால் பார்த்தாராம். அதனால் பெரிய நர்ஸ் பிலோமினா சிஸ்டரில் இருந்து வாட்ச்மேன் வரைக்கும் இதே சட்டம்தான்.

எனக்கு அது பெரிய தண்டனை. நாலு பேர் எதிரில் எனக்குச் சத்தமே வராது. வாய்க்குள்ளேயே முனகுவேன். டாக்டரம்மா திட்ட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், நான் சரியாகச் சொல்லும் வரைக்கும். வலியில் ஒருத்தி கத்திக்கொண்டிருப்பாள், சிஸ்டர் முறைப்பார், நான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படியே பழகிவிட்டது. கடைசியில் வீட்டில்கூட வீட்டுக்காரர் "உப்பு கம்மி" என்றால் "உப்பு கம்மிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவேன்.

கல்வராயன் மலையில் இருந்து பெண்களைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெள்ளிமலைப் பக்கம் அப்போது நினைத்த நேரத்துக்கு வண்டி கிடையாது. மலைப் பெண்கள் வலி வந்தால் கத்த மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்தபடி ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். இவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா உள்ளே வந்ததும் அவள் கால் விரலைத்தான் பார்த்தார். பத்து விரலும் உள்ளங்காலுக்குள் மடங்கியிருந்தன. "வாயைப் பாக்காத, காலைப் பாரு" என்றார். நான் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை தலை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பேன். பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண்ணைக்கூட அப்படித்தான் பார்க்கிறேன்.

இனிமேல்தான் பூவா கதை.

வடக்கனந்தலில் சேகர் என்று ஒருவர். சின்ன வயதிலேயே அவரை வியன்டியான் என்ற ஊருக்கு அவர் மாமா கூட்டிப் போயிருந்தார். அது லாவோஸ் நாட்டின் தலைநகரம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. சேகர் கடையில் நின்று, வளர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். கடை நொடிந்து போயிற்று, இங்கே அப்பாவும் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார். அவள் பேர் புவா. தாமரை என்று அர்த்தமாம். ஊரில் யாருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. பூவா என்று ஆக்கிவிட்டார்கள். நம் பக்கம் குழந்தைகளிடம் சோற்றைப் பூவா என்றுதானே சொல்லுவோம். அவள் தெருவில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே வந்து "பூவா துன்னியா, பூவா துன்னியா" என்று பாடும். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். கேலி என்று தெரியாமல் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தெரிந்தேதான் சிரித்தாள் என்று சேகர் சொன்னார்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். ஒரு சொல் தமிழ் தெரியாது. டாக்டரம்மா கேட்பதை அவர் அவள் பாஷையில் சொல்லுவார், அவள் சொல்லுவதைத் தமிழில் சொல்லுவார். எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பிரசவ அறைக்குள்ள ஆம்பளையை விட மாட்டேன். அப்ப இவகிட்ட யாரு பேசறது?"

சேகர் கதவுக்கு வெளியே நின்று கத்துகிறேன் என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சொன்னதைச் சொல்ற வாய் உனக்குத்தான் இருக்கு. அந்த அறைக்கு எது எது வேணுமோ அதை மட்டும் இவகிட்டக் கத்துக்கோ. மூச்சு விடு, முக்கு, முக்காதே, மெதுவா, தண்ணி, வலி எங்கே. போதும்."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

என் விடுமுறை நாளில் வடக்கனந்தலுக்கு பஸ் ஏறிப் போனேன். முதல் நாள் சேகர் கூட உட்கார்ந்து தமிழில் அர்த்தம் சொன்னார். அப்புறம் அவருக்கு வயல் வேலை. நானும் பூவாவும்தான். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் உட்காருவோம். மாமியார்க்காரி ஒரு கண்ணை எங்கள் மேல் வைத்துக்கொண்டே உளுந்து புடைப்பார்.

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். முக்கு என்பதற்கு அவர்கள் பாஷையில் பெங். பந்து என்னும்போது வருகிற ப இல்லை, பஸ் என்னும்போது வருகிற ப. அது வந்துவிட்டது. கடைசிதான் வரவில்லை. நான் "பெங்கு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி "பெங்கு". நமக்கு ஒரு சொல்லை அப்படியே அறுத்து நிறுத்தத் தெரியாது, பின்னால் ஓர் உகரத்தை ஒட்டினால்தான் வாய் மூடும். பஸ்ஸை பஸ்ஸு என்கிறோம், பல்பை பல்பு என்கிறோம். பூவா தன் விரலால் என் கீழ் உதட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல் என்று கண்ணைக் காட்டினாள். உதட்டை விடாமல் பிடித்ததால் உகரம் வர வழியில்லாமல் பெங் என்று நின்றது. அவள் கை தட்டினாள். மாமியார்க்காரி முறத்தை வைத்துவிட்டு, "இன்னாம்மே, மருமவ உன் வாயப் புடிச்சிக்கினுகீறா? என் வாயத்தான் அவளால புடிக்க முடில" என்றார்.

ங என்ற எழுத்தை நான் ஒன்றாவதில் ங, ஙா, ஙி, ஙீ என்று வரிசையாகப் பாடியிருக்கிறேன். பாடியதோடு சரி. அந்த எழுத்தை வைத்துத் தொடங்குகிற சொல் ஒன்றுகூட நான் பேசியதில்லை. எதற்கு இதை மனப்பாடம் செய்யச் சொல்லி அடித்தார்கள் என்று நினைத்திருக்கிறேன். பூவா பேச்சில் ஙூ என்றால் பாம்பு. ஙா என்றால் எள். அவள் அதைச் சொன்னதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தப் பாஷையில் எனக்குக் கஷ்டப்படாமல் வந்த ஒரே சத்தம் அதுதான். வாத்தியார் அடித்த அடி அப்படி.

இன்னொன்று, காற்று. மெதுவாக என்பதற்கு கொய் கொய். ஆனால் நம் கொ இல்லை. சொல்லும்போது நெஞ்சில் இருந்து காற்று வெளியே வர வேண்டும். அவள் தன் புறங்கையை என் வாய்க்கு நேரே பிடிப்பாள். காற்று பட்டால் சரி. படாவிட்டால் கையை ஆட்டுவாள். அதே போல் என் கையை எடுத்து அவள் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவாள். வெற்றிலை போடாத வாய் அது, ஒரு வாசனையும் இருக்காது, சூடு மட்டும் தெரியும்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் ராகம். ராகம் என்று நான்தான் சொல்லுகிறேன், அதற்கு வேறு பேர் இருக்கலாம். ஒரே சத்தத்தை மேலே இருந்து இறக்கினால் ஒரு சொல், கீழே அழுத்தினால் ஒரு சொல், நடுவில் சமமாக வைத்தால் இன்னொரு சொல். அவர்கள் வீட்டில் நாலைந்து கோழிகள் மேய்ந்தன. கோழிக்குக் கை என்று பேர், நடுவில் சமமாக. கிட்ட என்பதும் கை, மேலே இருந்து விழும். தூரம் என்பதும் கை, அது அடியிலேயே இருக்கும். பூவா கோழியைத் துரத்திவிட்டு ஒரு கை சொல்லுவாள், தவிட்டைத் தூவிக் கூப்பிட்டு ஒரு கை சொல்லுவாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோழிக்கே புரிந்திருக்கும், எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. நாம் கோபம் வந்தால் குரலை ஏற்றுகிறோம், கெஞ்சினால் இழுக்கிறோம். அவர்களுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதில் கை வைத்தால் சொல் போய்விடும்.

மூச்சு விடு என்பதற்கு ஹாய் சை. சை என்பதைப் பச்சை என்பதில் வருகிற சை போலச் சொல்ல வேண்டும். ஹாய் கீழே இருந்து எழும், சை தாழ்ந்தே நிற்கும். முக்காதே என்பதற்கு யா பெங். இந்த இரண்டையும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று தள்ளி உட்காருவார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று.

பதிலுக்கு அவள் தமிழ் கேட்டாள். அவளுக்கு ர வராது. கள்ளக்குறிச்சி கல்லாகுலிச்சி ஆகிவிடும். வாழைப்பழம் வாலைப்பலம். அதற்கு நான் சிரிக்கவில்லை, நம் ஊரிலேயே பாதிப் பேர் அப்படித்தானே சொல்லுகிறோம். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அக்கா என்பதற்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லுவாள். பாட்டு, வீட்டு என்று நாம் சொல்லி முடிக்கும்போது உதடு குவியாத ஓர் உ வருமே, அதில் தொடங்கி அய் என்று முடியும். அதை எழுத நமக்கு எழுத்து இல்லை.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. சாலையில் புளிய மரத்தை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. போலீஸ் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம். வெளியூர் போனவர்கள் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள். சேகர் எலவனாசூர்கோட்டையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. பூவாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பித்தான் போயிருந்தார். அவர் போன மறுநாள் விடியும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

மாமியார்க்காரி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை, வயல் வரப்பு என்று வந்திருக்கிறார். ஓர் இடத்தில் சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். குறுக்கே மரம், மரத்தின் மேல் பையன்கள். வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்ததும் அவர்களே மாட்டை அவிழ்த்து, வண்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்களாம். பூவா வலியில் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஒரு பையன் "இன்னா பாஷை ஆயா இது?" என்று கேட்டானாம். "வலிக்கிற பாஷைடா, தூக்குடா" என்றாராம் இவர். இதை அவரே ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார்.

நான் முதலில் காலைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியிருந்தன.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. வலி எங்கே, தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மதியத்துக்கு மேல் முக்க வேண்டிய நேரம் வந்தது. அங்கேதான் நின்றுவிட்டது. வலி வரும்போது அவள் கீழே முக்குவதற்குப் பதில் உடம்பை மேலே மேலே தூக்கிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்கு ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் நீலம் பூத்தது. டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். வலி விட்ட பிறகும் குழலை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"குழந்தை சோர்ந்துகிட்டு வருது" என்றார்.

வேறு நாளாக இருந்தால் வயிற்றைத் திறந்து எடுத்திருப்பார்கள். அதற்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் விழுப்புரத்தில் இருந்து வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் கார் போக வழியில்லை. ஆயுதம் போட்டு எடுக்கவும் தலை இன்னும் கீழே இறங்க வேண்டும். அவளாக முக்கினால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஓர் உயிரோ இரண்டு உயிரோ, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

பிரசவ அறையில் முக்கச் சொல்லுகிற முறை எல்லோருக்கும் தெரியும். சிஸ்டர், ஆயா, உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். முக்கு, முக்கு, நல்லா முக்கு, இன்னும் முக்கு. சில பேர் திட்டவும் செய்வார்கள். அது கெட்ட எண்ணத்தில் இல்லை, தேர் இழுக்கும்போது கத்துவது போலத்தான். அன்றும் அப்படித்தான் கத்தினார்கள். நானும் அவர்களோடு கத்தினேன், அவள் பாஷையில். பெங், பெங் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

பூவா என்னைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. என் வாயைப் பார்த்தாள், சிஸ்டர் வாயைப் பார்த்தாள், மறுபடி என் வாயைப் பார்த்தாள். வலி வந்தது. மேலே ஏறினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முருங்கை மரத்தடியில் நான் எந்தச் சொல்லையும் கத்திச் சொன்னதே இல்லை. கத்தும்போது குரல் தானாக மேலே போகிறது. பெங் சமமாக நிற்க வேண்டிய சொல். நான் அதை உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது சொல்லே இல்லை. எல்லோரும் போடுகிற கூச்சலில் என்னுடையதும் ஒரு கூச்சல். அவ்வளவு பேர் தன்னைச் சுற்றி நின்று எதற்கோ கோபப்படுகிறார்கள் என்று பயந்துதான் அவள் மேலே மேலே போகிறாள்.

நான் அவள் காதோரம் குனிந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என் காதிலேயே விழவில்லை, அவ்வளவு சத்தம். அறையை அடக்க வேண்டும். டாக்டரம்மாவும் அந்த அறையில்தான் இருக்கிறார். எப்போதும் குரல் உயராத அவரே அன்று "முக்கும்மா, முக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிலோமினா சிஸ்டர் திரும்பி, "இன்னா அஞ்சல? யாரைச் சொல்ற?" என்றார்.

"எல்லாரையும்தாங்க. டாக்டரம்மா, நீங்களும் சத்தம் போடாதீங்க. கத்துனா அவளுக்குப் புரியாதுங்க. எதுவானாலும் எங்கிட்ட மெதுவா சொல்லுங்க, நான் அவகிட்டச் சொல்றேன்."

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார், ஒரு சொல் விடாமல்: "யாரும் சத்தம் போடக் கூடாது. நான் உன்கிட்ட மெதுவா சொல்லணும். நீ அவகிட்டச் சொல்லுவ."

எங்களுக்கு வைத்திருந்த சட்டத்தை அவர் தனக்கும் வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அறை அடங்கிவிட்டது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மின்விசிறி கடகட என்றது. எங்கேயோ தூரத்தில் ஜனங்கள் கோஷம் போடுவது காற்றில் வந்து போயிற்று. நான் தலைமாட்டுப் பக்கம் போய் அவள் காதில் வாயை வைத்தேன்.

"மூச்சு விடச் சொல்லு" என்று டாக்டரம்மா அடிக்குரலில் சொன்னார்.

"ஹாய் சை" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். மூச்சு விட்டாள். நீளமாக, உடம்பெல்லாம் தளர விட்டாள். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வலி வருது. இப்ப முக்கச் சொல்லு."

"பெங்" என்றேன், நடுவில், சமமாக, கோழி மேய்கிற இடத்தில் சொன்னது போல.

முக்கினாள். தலைமாட்டுக்கு ஏறவில்லை. டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். மறுபடி மூச்சு, மறுபடி பெங். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு சொல் தமிழில் சொல்லுவார், நான் அதையே திருப்பிச் சொல்லுவேன், அவள் பாஷையில். எத்தனையோ வருஷமாக அந்த அறையில் நான் செய்துவந்த வேலைதான் அது. பாஷைதான் வேறு. தலை தெரிந்ததும் "முக்க வேண்டாம்னு சொல்லு, மெதுவா" என்றார். அந்த இடத்தில் முக்கினால் கிழிந்துவிடும். யா பெங், கொய் கொய் என்றேன். என் வாயில் இருந்து வந்த காற்று அவள் காதில் பட்டிருக்கும். அவள் வாயைத் திறந்துகொண்டு நாய்க்குட்டி போல இளைத்தாள். தலை வழுக்கிக்கொண்டு வந்தது.

பெண் குழந்தை. துவண்டு இருந்தது, அழவில்லை. சிஸ்டர் குழாய் போட்டுச் சளியை உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினார். அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். அப்புறம் நல்ல சத்தம். பிலோமினா சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே மாமியார்க்காரி கதவைத் தட்டினார், "இன்னா ஆச்சு, ஏன் ஒரு சத்தத்தையும் காணோம்" என்று. சத்தம் நின்றதும் மருமகள் போய்விட்டாள் என்றே நினைத்திருக்கிறார் பாவம்.

குழந்தையைத் துடைத்து பூவா பக்கத்தில் வைத்தேன். அவள் ஒரு சொல் சொன்னாள். ஙாம். எனக்கு அது தெரியாது, பிரசவ அறைக்கு வேண்டியதை மட்டும்தானே கற்றுக்கொண்டேன். மறுநாள் நடந்தே வந்து சேர்ந்த சேகரிடம் கேட்டேன். அழகாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, "முக்கறதுக்கு என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் "பெங்கு" என்றார். கட்டிலில் அரை மயக்கத்தில் கிடந்த பூவா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இவர் மறுபடி "பெங்கு" என்றார். அவள் சிரித்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார்.

இதனால் ஆஸ்பத்திரி மாறிவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த பிரசவத்தில் எல்லோரும் பழையபடி கத்தினார்கள், நானும்தான் கத்தினேன். அது தமிழ்ப் பெண், அவளுக்குக் கத்தினாலும் புரியும். ஆனால் சிஸ்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் இந்த விஷயத்தில் ரொம்ப நாள் வாக்குவாதம் இருந்தது. நான் சொன்ன சொல்லால்தான் அவள் முக்கினாள் என்பார் டாக்டரம்மா. சொல்லாவது ஒன்றாவது, கூச்சல் அடங்கி ஒருத்தி காதோரம் தணிவாகப் பேசியதும் பயம் தெளிந்துவிட்டது, அஞ்சலை அங்கே எதைச் சொல்லியிருந்தாலும் முக்கியிருப்பாள் என்பார் சிஸ்டர். என்னிடம் கேட்டார்கள். தெரியலைங்க என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

பூவாவிடமே கேட்டிருக்கலாம். சேகரை நடுவில் வைத்துக் கேட்க எனக்குக் கூச்சம். அவளுக்குத் தமிழ் வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். சேகருடைய மாமா குடும்பம் பாண்டிச்சேரி வழியாகப் பிரான்சு போயிருந்தது, இவரையும் கூப்பிட்டது. குழந்தை எழுந்து நிற்கப் பழகிய சமயம். சொல்லிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நம் ஊர் அரிசி ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று சேகரிடம் குறைபட்டுக்கொண்டே செய்த ஏதோ ஓர் அரிசிப் பலகாரத்தை வாழையிலையில் மடித்துக் கொடுத்தாள். உதடு குவியாத அந்த உ போட்டு என்னைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் மூச்சு விடு, முக்கு, மெதுவா. வழியனுப்புகிற சொல் எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தப் பாஷை பேசுகிறவர்கள் யாரும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. டாக்டரம்மாவும் போய்விட்டார், சிஸ்டரும் போய்விட்டார். அந்தச் சொற்களை நான் மட்டும் இன்னும் சொல்லிப் பார்க்கிறேன், பாத்திரம் துலக்கும்போது, துணி காய வைக்கும்போது. இத்தனை வருஷமாக ஒருத்தரும் கேட்டுத் திருத்தாததால் அவை என் வாயிலேயே எப்படித் தேய்ந்து போயிருக்கின்றனவோ.

இதில் வருஷம், மாதம் தப்பாக இருந்தால் சுகன்யா பழைய பதிவுகளைப் பார்த்துச் சரி செய்துவிடட்டும். சேகரைக் கூட்டிப் போனவர் அவருக்கு மாமா முறையா சித்தப்பா முறையா என்பதை வடக்கனந்தல்காரர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சொற்களைப் பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை. லாவோஸ் பாஷை தெரிந்தவர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால் தயவுசெய்து எழுதிப் போட வேண்டாம், எழுத்தில் அது வராது. நேரில் வாருங்கள். நான் சொல்லிக் காட்டுகிறேன், கூச்சப்படாமல் சொல்லுகிறேன். அன்று அவளுக்குப் புரிந்திருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.